நாடக விழாவுக்குப் போக கடன் வாங்கலாமா?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃபிரிஞ்ச், 1947-ல் யாரும் அழைக்காமலே 8 குழுக்கள் போய் நடித்து ஆரம்பித்த விழா. இன்னைக்கும் தேர்வுக் குழு கிடையாது, யாரும் புது நாடகம் போடலாம். ஆனா பதிவுக் கட்டணம், அரங்கு, ஆகஸ்ட்ல எகிறுற அறை வாடகை எல்லாம் உங்க செலவு.

ஒரு கணக்கு போடுவோம். டிக்கெட் 10 பவுண்டு, தினமும் 20 பேர், 20 காட்சி. வசூல் 4,000. அங்க சகஜமான 60:40 பங்குல உங்களுக்கு 2,400. நாலு பேர் ஒரு மாசம் தங்க இது போதுமா? சில அரங்குகளுக்கு ஆளே வரலைன்னாலும் குறைந்தபட்சத் தொகை கட்டணும்.

அதனால என் கருத்து: பட்ஜெட்ல டிக்கெட் வசூலை பூஜ்யம்னு எழுதுங்க. கிரெடிட் கார்டைத் தொடாதீங்க. கிளம்பும் முன்னாடியே பணம் திரட்டுங்க. 2013-ல் 'ஃப்ளீபேக்' நாடகமே கிக்ஸ்டார்ட்டர்ல பணம் திரட்டித்தான் அங்க போச்சு. அதுல இலக்கை எட்டலைன்னா ஒரு பைசா வராது. எட்டினா 5 சதவீதமும் பேமெண்ட் கட்டணமும் பிடிப்பாங்க. அதையும் சேர்த்தே இலக்கு வையுங்க.

பணம் சேரலையா? அந்த வருஷம் போகாதீங்க. நாடகம் அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்கும், வட்டி காத்திருக்காது.