பேரேட்டைக் காட்டும் கடமை

பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கு நிற்க நேர்ந்த சாதாரண மனிதனுக்கு ஐரோப்பியச் சட்டம் ஒரு நல்ல ஆயுதத்தைக் கொடுத்தது. அந்த ஆயுதத்தை மழுக்குவதற்கு முயற்சி தொடங்கிற்று. 2025 நவம்பர் 19ஆம் தேதி ஐரோப்பியக் கமிஷன் சில சட்டத் திருத்த யோசனைகளை வெளியிட்டது. தம்மைப்பற்றிய விவரங்களைக் கேட்டறியும் உரிமையை, விவரப் பாதுகாப்பு அல்லாத வேறு நோக்கங்களுக்காகத் 'துஷ்பிரயோகம்' செய்வோரின் விண்ணப்பத்தைக் கம்பெனிகள் நிராகரிக்கலாம், அல்லது கட்டணம் கேட்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. துஷ்பிரயோகத்தை ஆதரிப்பார் யாருமில்லை. ஆனால் எது துஷ்பிரயோகம், அதை யார் தீர்மானிப்பது என்னும் கேள்விகளில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது.

இவ்வுரிமை இன்னதென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 மே 25ஆம் தேதி அமலுக்கு வந்த ஐரோப்பிய விவரப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆவது ஷரத்து, எந்தக் கம்பெனியையும் எந்தப் பிரஜையும், "என்னைப்பற்றி நீங்கள் வைத்திருக்கும் விவரங்களின் பிரதியைத் தாருங்கள்" என்று கேட்க இடமளிக்கிறது. அவ்விவரங்கள் எதற்காகச் சேர்க்கப்பட்டன, யாரிடமிருந்து வந்தன, யாருக்குக் கொடுக்கப்பட்டன, எவ்வளவு காலம் வைக்கப்படும் என்பவற்றையும் கேட்கலாம். முதல் பிரதிக்குக் கட்டணமில்லை. ஒரு மாதத்துக்குள் பதில் வரவேண்டும். சிக்கலான விண்ணப்பமாயின் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 1998ஆம் வருஷத்துச் சட்டப்படி 10 பவுன் வரை கட்டணமும் 40 நாள் தவணையும் இருந்தன. அங்கும் 2018 முதல் கட்டணம் ஒழிந்தது.

இதற்கும் கம்பெனியின் மோசமான சேவைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. பணம் கட்டியும் சாமான் வந்து சேராத ஒரு வாடிக்கைக்காரனை நினைத்துப் பாருங்கள். அவன் டெலிபோனில் பத்து முறை பேசுகிறான். ஒவ்வொரு முறையும் புதிய சிப்பந்தி. ஒவ்வொரு முறையும் கதையை ஆதியிலிருந்து சொல்லவேண்டும். கடைசியில், "தாங்கள் புகார் செய்ததாகவே எங்களிடம் குறிப்பு இல்லை" என்று பதில் வருகிறது. ஆனால் அவன் பேசத் தொடங்கும்போதே, இப்பேச்சு பதிவு செய்யப்படுகிறது என்று எச்சரித்தது யார்? அதே கம்பெனிதான். அவன் பேசிய நாளும் நேரமும், சிப்பந்தி எழுதிவைத்த குறிப்பும், "புகார் தீர்ந்தது" என்று முத்திரை குத்திய நேரமும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றன. வழக்காடும் இருவரில் ஒருவன் கையில் தஸ்தாவேஜு முழுவதும். மற்றவன் கையில் ஞாபகம் மட்டும். இது சமமான வழக்காகுமா?

கடன் கொடுத்தவன் பேரேட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு வாயால் பாக்கி சொன்ன காலத்தை நம் கிராமங்கள் மறந்துவிடவில்லை. கணக்கைக் காட்டு என்று கேட்கும் தைரியம் குடியானவனுக்கு வந்த பிறகுதான் பேரேட்டில் நேர்மை வந்தது. கம்பெனியிடம் சொந்த விவரத்தைக் கேட்பதும் அதே காரியந்தான்.

நீதிமன்றங்கள் இதை நன்கு உணர்ந்திருக்கின்றன. ஜெர்மனியில் ஒரு நோயாளி தமக்குச் செய்த பல் வைத்தியத்தில் பிழை இருப்பதாகச் சந்தேகித்து, தம்முடைய வைத்தியக் குறிப்பின் பிரதியைக் கேட்டார். செலவுத் தொகையைக் கட்டினால்தான் தருவேன் என்றார் வைத்தியர். 2023 அக்டோபர் 26ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், முதல் பிரதியை இலவசமாகவே தரவேண்டும், கேட்பவர் காரணம் சொல்லவேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. வைத்தியர்மீது வழக்குத் தொடுக்கும் நோக்கம் இருந்தாலும் உரிமை குறைவுபடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதே வருஷம் ஜனவரி 12ஆம் தேதி ஆஸ்திரியத் தபால் ஸ்தாபனத்தின் வழக்கில், விவரங்களை வாங்கியவர்கள் இன்ன வகையார் என்று மொத்தமாகச் சொன்னால் போதாது, இன்னார் என்றே பெயர் சொல்லவேண்டும் என்று விதித்தது. 2011இல் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்னும் ஆஸ்திரியச் சட்ட மாணவர் பேஸ்புக் கம்பெனியிடம் தம் விவரங்களைக் கேட்டபோது 1,222 பக்கங்கள் வந்தன. தாம் அழித்துவிட்டதாக எண்ணிய செய்திகளும் அவற்றில் இருந்தன. கேட்டிராவிட்டால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

கம்பெனிகளின் ஆட்சேபணை நமக்குத் தெரியாததன்று. தேடி எடுத்துக் கொடுக்கச் செலவாகிறது, கோபங்கொண்ட வாடிக்கைக்காரர்கள் பழிவாங்கவே கேட்கிறார்கள் என்கின்றன. ஆதாரமற்றவை என்று வெளிப்படையாகத் தெரியும் விண்ணப்பங்களையும், அளவு மீறியவற்றையும் மறுக்க இப்போதுள்ள சட்டமே இடங்கொடுக்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியைச் சேர்ந்தது. பிறருடைய விவரங்களை மறைத்துவிட்டுத் தரவும் வழி உண்டு. இவ்வளவும் இருக்க, நோக்கத்தை ஆராயும் அதிகாரமும் எதற்கு? மோசமாக நடத்தப்பட்டவனைத் தவிர வேறு யாருக்குக் கணக்குப் பார்க்கும் எண்ணம் உதிக்கும்? திருப்தியாக இருப்பவன் பேரேட்டைக் கேட்பதில்லை. மனத்தாங்கல் உள்ளவன் கேட்டால் துஷ்பிரயோகம் என்பது, காயம் பட்டவன் மட்டும் மருந்து கேட்கக் கூடாது என்பதற்கு ஒப்பாகும். மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் ஏன்?

இவ்வுரிமை சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. அது பணத்தைத் திருப்பித் தராது, சாட்சியத்தைத்தான் தரும். அதையும் முறையாகக் கேட்கவேண்டும். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இருக்கும் நம்மவர்கள் பலர் உண்டு. அவர்கள் பெயர், கணக்கு எண், பேசிய தேதிகள், வேண்டிய பதிவுகள் இவையெனத் தெளிவாக எழுதி, அனுப்பிய நாளைக் குறித்துவைத்துக்கொள்வார்களாக. தவணை தாண்டினால் அந்நாட்டு விவரப் பாதுகாப்பு அதிகாரியிடம் முறையிடலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டு 11ஆம் தேதி டிஜிட்டல் விவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ராஷ்டிரபதியின் சம்மதம் கிடைத்தது. விதிகள் வெளிவந்ததோ 2025 நவம்பரில். விவரம் கேட்கும் உரிமை அதற்கும் 18 மாதங்கள் கழிந்த பின்னரே அமலாகும் என்பது ஏற்பாடு. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிடைக்கப்போவது என்ன என்று பார்த்தால்தான் மனம் நோகிறது.

இச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, விவரங்களின் 'சுருக்கத்தை'க் கேட்கும் உரிமையைத் தருகிறது. பிரதியைக் கேட்கும் உரிமையை அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. சுருக்கத்தை எழுதுபவர் யார்? குற்றஞ்சாட்டப்படும் கம்பெனியே! எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதும் அதன் விருப்பம். புகாருக்குப் பதில் சொல்ல விதிகள் 90 நாள் வரை இடங்கொடுக்கின்றன. பாதுகாப்புத் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அது சர்க்கார் கஜானாவுக்குப் போகுமேயன்றி, நஷ்டப்பட்டவன் கைக்கு ஒரு காசும் வராது. அவனுக்கு நஷ்ட ஈடு அளிக்க வழிசெய்த பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் நீக்குவதற்கு இச்சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது. அற்பமான புகார் செய்தால் பிரஜைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் என்ற மிரட்டல் வேறு!

2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய்க் கட்டணத்தில் மத்திய சர்க்காரின் இலாகாவிடம் விண்ணப்பித்து, 30 நாளில் தஸ்தாவேஜின் பிரதியையே கேட்கும் உரிமை பிரஜைக்கு உண்டு. சர்க்காரிடம் பிரதி கேட்கலாம், கம்பெனியிடம் சுருக்கந்தான் கேட்கலாம் என்பது என்ன நியாயம்?

ஆகையால், 'சுருக்கம்' என்னும் சொல்லை எடுத்துவிட்டுப் 'பிரதி' என்னும் சொல்லைச் சட்டத்தில் சேர்க்கவேண்டும். ஒரு மாதத் தவணை விதிக்கவேண்டும். நஷ்டப்பட்டவனுக்கு ஈடு கிடைக்க வழி செய்யவேண்டும். பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இம்மூன்றையும் வற்புறுத்துமாறு பொதுஜனங்கள் அவர்களைக் கேட்கவேண்டும். உரிமை கையில் வந்து சேர்ந்த பிறகு சட்டத்தின் ஓட்டையைக் கண்டு வருந்துவதைவிட, வருமுன் அதை அடைக்கச் சொல்வதே விவேகம்.