தேனும் கருப்பட்டியும் பழச்சாறும்

“எங்கள் இல்லத்தில் சீனியே வாங்குவதில்லை” என்று பெருமிதத்துடன் கூறும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. காலையில் வெந்நீரில் தேன், மாலையில் கருப்பட்டிக் காப்பி, பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தைக்கு ஒரு டம்ளர் பழச்சாறு என்று, சீனி இருந்த இடத்தில் இம்மூன்றும் வந்து அமர்ந்துவிட்டன. இவை இயற்கை தந்தவை, ஆகவே இவற்றுக்கு அளவு வேண்டியதில்லை என்ற எண்ணமும் கூடவே வந்து குடியேறிவிட்டது. இந்த எண்ணத்தைத்தான் இம்மாதம் சற்றே உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் சீனியை அறவே விலக்கிவிட்டுத் தேனையும் கருப்பட்டியையும் மனம்போல் உண்டு வருவோர் நம் பங்குகளிலும் இல்லாமலில்லை.

தேனிலிருந்து தொடங்குவோம். திருமறையின் மணம் கமழும் பண்டம் அது. வாக்களிக்கப்பட்ட நாட்டின் வளத்துக்குப் பாலும் தேனுமே அடையாளமாக நின்றன. ஸ்நாபக அருளப்பர் பாலைநிலத்தில் காட்டுத்தேனை உண்டு வாழ்ந்தார். விவிலியம் தேன் என்று குறிப்பது பல இடங்களில் பேரீச்சம்பழப் பாகையே என்று அறிஞர் பலர் கருதி வந்தனர். 2007-ஆம் ஆண்டில் இஸ்ராயேல் நாட்டின் தெல் ரெகோவ் என்னும் மேட்டில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையான தேன்கூடுகள் வரிசை வரிசையாக அகழ்ந்தெடுக்கப்பட்டன. தேனீக்களை வளர்த்துத் தேன் எடுக்கும் தொழில் அக்காலத்திலேயே அங்கு ஓங்கியிருந்தது என்பது அதனால் விளங்கிற்று. நம் தென்னகத்திலோ, 1911 முதல் 1917 வரை சிற்றூர் மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுத்தந்த நியூட்டன் அடிகளாரை அவர் வகுத்த ‘நியூட்டன் பெட்டி’ இன்றும் நினைவூட்டுகிறது.

இத்தனை சிறப்புடைய தேனின் சத்துக் கணக்கு என்ன? நூறு கிராம் தேனில் ஏறத்தாழ 80 கிராம் சர்க்கரை. எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூட இல்லை. சுண்ணாம்புச்சத்து ஐந்தாறு மில்லிகிராம். உயிர்ச்சத்து ‘சி’ பெயரளவுக்குத்தான். ஒரு தேக்கரண்டிச் சீனி நான்கு கிராம் எடையுள்ளது. 16 கலோரி தரும். அதே கரண்டியில் தேன் ஏழு கிராம் நிற்கும். 21 கலோரி தரும். ஆகவே கரண்டிக்குக் கரண்டி ஒப்பிட்டால் தேனில்தான் கலோரி மிகுதி. சீனியைவிடத் தேன் சற்று மிகுதியாக இனிப்பதால் குறைவாக விட்டாலே போதும் என்பது உண்மை. ஆனால் குறைவாக விடுகிறவர் எத்தனை பேர்? இரவில் இருமி இருமித் துன்புறும் சிறுவனுக்கு உறங்குமுன் ஒரு கரண்டித் தேன் கொடுத்தால் இருமல் சற்றுத் தணிகிறது என்பதற்கு மருத்துவ ஆய்வுகளில் ஓரளவு சான்று உண்டு. அதை மருந்தெனக் கொள்வோம்; சத்துணவு என்று கொள்ள இடமில்லை. கடையில் வாங்குவது தேன்தானா என்ற கேள்வி வேறு இருக்கிறது. சந்தையில் விற்கும் தேன் பலவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக 2020-இல் புதுதில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வு நாடெங்கும் பேசப்பட்டது.

தேனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இக்கட்டுரையில் மற்றவற்றை மறந்தாலும் தாய்மார்கள் இதை மறத்தலாகாது. பிறந்த குழந்தையின் நாவில் பெரியவர் ஒருவர் தேனையோ சர்க்கரை நீரையோ தொட்டு வைக்கும் சேனை வழக்கம் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. ஆதித் திருச்சபையிலும் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோருக்குப் பாலும் தேனும் கலந்து கொடுத்தனர் என்று தெர்த்துல்லியன் முதலிய பழைய எழுத்தாளர்கள் குறித்திருக்கிறார்கள். வழக்கம் அழகானதுதான். ஆனால் பச்சிளங் குழந்தையின் குடலுக்கு அந்த அழகு தெரியாது. தேனில் சில வேளைகளில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் கலந்திருக்கும். நம் வயிற்றில் அவை முளைப்பதில்லை. ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பின்னர் பால் குடிக்கும் வலிமை குன்றும், அழுகுரல் மெலியும், தலை நிற்காமல் தொங்கும், மூச்சும் தடைப்படலாம். இந்நோய் 1976-இல் கலிபோர்னியாவில்தான் முதன்முதலாக இனங்காணப்பட்டது. ஆகவே நம் பாட்டிமார் இதை அறியாததில் வியப்பில்லை. அரிய நோய்தான், ஆயினும் உயிருக்கு உலை வைக்கும் நோய். வீட்டு அடுப்பில் தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் அழிவதில்லை. ஓராண்டு நிறையும்வரை குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் வேண்டா. சேனை வைக்க விரும்பும் பாட்டனார் பேரக்குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு ஆசீர்வதித்தால் போதாதோ?

இனி கருப்பட்டிக்கு வருவோம். பனை நம் மாநில மரம். தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரையோரங்களில் எத்தனையோ கத்தோலிக்கக் குடும்பங்கள் அந்த மரத்தின் அடியிலும் முடியிலுமாக வாழ்ந்து மக்களைப் படிக்கவைத்திருக்கின்றன. ஆகவே கருப்பட்டியைக் குறைத்துப் பேசினால் சிலருக்கு மனம் வருந்தும். குறைத்துப் பேசவும் வேண்டியதில்லை. தேனையும் வெள்ளைச் சீனியையும்விட அதில் தாதுச்சத்து மிகுதி என்பது மெய்.

ஆனால் அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். பாளையிலிருந்து சொட்டும் சாறு அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். அதைத் தடுக்கவே கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவி மரத்தில் கட்டுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பில் ஒரு பகுதி பதநீரில் கரைகிறது. பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டியிலும் தங்குகிறது. மரம் தந்ததோடு கலயம் தந்ததும் சேர்ந்ததே நாம் புகழும் சுண்ணாம்புச்சத்து. எவ்வளவு தடவினார்கள், எவ்வளவு தெளியவைத்து வடித்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரு கருப்பட்டிக்கும் மற்றொன்றுக்கும் பெருத்த வேறுபாடு இருக்கும். கரும்பு வெல்லத்தின் இரும்புச்சத்தும் அத்தகையதே. காய்ச்சும் இரும்புக் கொப்பரையிலிருந்தும் ஒரு பங்கு சேரக்கூடும்.

இரும்பைப் பற்றிய நம்பிக்கைதான் நம் பெண்களிடையே மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது. “இரத்தம் குறைவாக இருக்கிறது, வெல்லம் சாப்பிடு” என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் வாக்கு. கணக்கிட்டுப் பார்ப்போம். நூறு கிராம் வெல்லத்தில் தோராயமாக 3 முதல் 5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. வளர்ந்த பெண் ஒருத்திக்கு நாள்தோறும் 29 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த அளவு. அதில் கால்பங்கை வெல்லத்திலிருந்து மட்டும் பெற வேண்டுமானால் 150 கிராமுக்குக் குறையாமல் உண்ண வேண்டும். அதனுடன் 500 கலோரிக்கு மேல் உள்ளே போகும். நூறு கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது; அதுவோ வயிற்றை நிரப்பும் உணவு. கடலை மிட்டாயையும் எள்ளுருண்டையையும் சத்துப் பண்டம் என்கிறோமே, அந்தப் புகழில் பெரும்பங்கு கடலைக்கும் எள்ளுக்கும் உரியது. வெல்லம் அவற்றை ஒட்டவைக்கும் பசை, இனிய பசை.

கருப்பட்டி நீரிழிவுக்காரருக்குத் தீங்கு செய்யாது என்ற பேச்சையும் நம்பிவிடக் கூடாது. அதில் முக்காற்பங்குக்கு மேல் சர்க்கரைதான். நிறம் கறுத்திருப்பதால் இரத்தத்தில் கலக்காமல் விலகி நிற்கப்போவதில்லை. பதநீரும் நூறு மில்லியில் பத்துப் பன்னிரண்டு கிராம் சர்க்கரை கொண்டதே.

பழச்சாற்றின் நிலை வேறு. இம்மூன்றில் உண்மையான சத்துணவு என்று சொல்லத்தக்கது ஏதேனும் உண்டென்றால் அது இதுவே. 90 கலோரி அளவுக்கு ஒவ்வொன்றையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்போம். தேன் என்றால் நான்கு தேக்கரண்டி. சர்க்கரையன்றி அதில் குறிப்பிடத்தக்கது ஒன்றுமில்லை. வெல்லம் என்றால் 25 கிராம். ஒரு மில்லிகிராம் அளவுக்கு இரும்பு கிடைக்கும். ஆரஞ்சுச் சாறு என்றால் 200 மில்லி கொண்ட ஒரு டம்ளர். உயிர்ச்சத்து ‘சி’ 60 முதல் 100 மில்லிகிராம் வரை, அதாவது ஒரு நாளின் தேவை முழுவதும் அல்லது அதில் பெரும்பகுதி. கூடவே பொட்டாசியமும் போலிக் அமிலமும். போட்டியில் சாறு எளிதாக வென்றுவிடுகிறது. கேழ்வரகு, கீரை ஆகியவற்றின் இரும்பை உடல் ஏற்பதற்கு உயிர்ச்சத்து ‘சி’ துணை செய்வதால், உணவோடு சிறிது எலுமிச்சைச் சாறு சேர்ப்பதும் நற்பயன் தரும். கோடையில் நம் முன்னோர் அருந்திய பானகத்தில் வெல்லமும் எலுமிச்சையும் சேர்ந்திருந்ததை எண்ணி வியக்கலாம். வியந்துகொண்டே மூன்று டம்ளர் குடித்துவிடலாகாது.

ஏனெனில் அந்த ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றிலும் 17 முதல் 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஏறக்குறைய நான்கைந்து கரண்டிச் சீனி. ஆப்பிள் சாறு இன்னும் ஏமாற்றும்: சர்க்கரையில் கோலா பானங்களுக்குச் சமம், தனியே சேர்க்காவிட்டால் உயிர்ச்சத்து ‘சி’யும் அதில் இல்லையென்றே சொல்லலாம். ஒருசந்தி நாளில் சோற்றை ஒறுத்துப் பழச்சாறு மட்டும் அருந்துவதாகச் சொல்வோர் உண்டு. மூன்று டம்ளர் சாற்றில் நான்கு இட்லிக்கு ஈடான கலோரி இருப்பது அவர்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ!

பழத்தில் இருக்கும் அதே சர்க்கரைதானே சாற்றிலும் இருக்கிறது, பழம் நல்லதானால் சாறு மட்டும் எப்படித் தீதாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1977-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சம அளவு சர்க்கரை கிடைக்கும்படி, சிலருக்கு ஒரு நாள் முழு ஆப்பிள், ஒரு நாள் ஆப்பிள் கூழ், ஒரு நாள் ஆப்பிள் சாறு கொடுத்தார்கள். முழுப்பழத்தைவிடச் சாறு பதினொரு மடங்கு விரைவாக உள்ளே சென்றது. குடித்தவர்களுக்குப் பழம் தின்றபோது உண்டான வயிற்று நிறைவும் ஏற்படவில்லை. சாறு குடித்தபின் இன்சுலின் உயர்ந்து, இரத்தச் சர்க்கரை பின்னர் அளவுக்குக் கீழே இறங்கியது. பழம் தின்றபோது அவ்வாறு நேரவில்லை. சாறு பிழிந்து சக்கையை எறியும்போது நார்ச்சத்தை எறிகிறோம். மெல்லுவதற்கு ஆகும் நேரத்தையும் எறிந்துவிடுகிறோம். மூன்று ஆரஞ்சை ஒரே மூச்சில் எவரும் தின்பதில்லை, ஆனால் அவற்றின் சாற்றை ஒரே மூச்சில் குடிக்கிறோம். அமெரிக்காவில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்விலும், முழுப்பழங்களை, சிறப்பாகத் திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை மிகுதியாக உண்டோரிடம் நீரிழிவு குறைவாகவும், பழச்சாற்றை மிகுதியாக அருந்தியோரிடம் அதிகமாகவும் காணப்பட்டது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கியே உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு வரையறை செய்தது. சீனி, தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரை அனைத்தையும் ஒரே கணக்கில் சேர்த்து, நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் அடக்கினால் இன்னும் நலம் என்றது. இரண்டாயிரம் கலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். முழுப்பழத்தின் சர்க்கரையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

குழந்தைகளுக்கு என்ன அளவு? இரண்டு வயதுவரை சாறு வேண்டா. இரண்டு முதல் ஐந்து வயதுவரை நாளொன்றுக்கு 125 மில்லி, அதற்கு மேற்பட்டோருக்கு 250 மில்லி என்பதே உச்ச அளவு என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல் அறிவித்தது. அதுவும் வீட்டில் அன்றன்று பிழிந்து, சீனி சேர்க்காததாக இருத்தல் நன்று. அட்டைப் பெட்டிச் சாறுகளின் மேல் ‘நூறு விழுக்காடு பழச்சாறு’ என்று அச்சிடுவதை நீக்குமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2024-இல் உத்தரவிட்டது. அவற்றில் பல, கெட்டியாக்கிய சாற்றில் மீண்டும் நீர் கலந்தவை. நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் அன்பர்கள் அத்தகைய பெட்டிகளைக் கையோடு எடுத்துச் செல்கிறார்கள். நீரிழிவாளர் வீட்டுக்கு அது பொருந்தாது. சிறுநீரகம் பழுதுற்றோருக்குப் பொட்டாசியம் மிகுந்த ஆரஞ்சுச் சாறும் இளநீருங்கூட ஆபத்தாகலாம். மற்றவர்க்கு நான்கு கொய்யாப்பழம் வாங்கிச் சென்றால் என்ன? நூறு கிராம் கொய்யாவில் உயிர்ச்சத்து ‘சி’ 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, நார்ச்சத்தும் 5 கிராமுக்குக் குறையாது. கலோரியோ எழுபதைத் தாண்டுவதில்லை. விலையும் பெட்டிச் சாற்றைவிடக் குறைவு.

பழத்தைவிடச் சாறும் தேனும் மேலாகும் வேளையும் ஒன்று உண்டு. இன்சுலின் ஊசியோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் திடீரென வியர்த்து, கைகால் நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்று பொருள் கொள்ளலாம். அப்போது விரைவே தேவை. அரை டம்ளருக்குச் சற்று மேற்பட்ட பழச்சாறோ, நீரில் கரைத்த மூன்று நான்கு கரண்டிச் சீனியோ, ஒரு மேசைக்கரண்டித் தேனோ உடனே கொடுக்க வேண்டும். கால்மணி நேரம் கழித்தும் தெளியாவிடில் மீண்டும் ஒருமுறை அதே அளவு கொடுக்கலாம். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.