ஒரே மாணவிக்காக ஓடியதா ரயில்? ஜப்பானில் கிராமத்து நிலையங்கள் மூடப்படுவது ஏன்?

"ஒரே ஒரு மாணவி ஸ்கூலுக்குப் போறதுக்காக, ஜப்பான்ல ஒரு ரயில் நிலையத்தையே மூடாம வெச்சிருந்தாங்களாம்!"

2016இல் இணையத்தில் வேகமாகப் பரவிய இந்தக் கதை உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். எவ்வளவு உண்மை?

மாணவி இருந்தது உண்மை

ஹொக்கைடோ தீவின் செகிஹொக்கு ரயில் பாதையில் உள்ள கியூ-ஷிரடாகி நிலையத்தில் அவர் ரயில் ஏறினார். ஆனால் பரவிய பதிவில் இருந்த பெயர் காமி-ஷிரடாகி. நிலையமே வேறு!

அந்த இரண்டோடு ஷிமோ-ஷிரடாகி நிலையமும் 2016 மார்ச்சில் ஒன்றாக மூடப்பட்டது. ஒரு மாணவிக்காக மட்டும் என்றால் மூன்று நிலையங்கள் ஏன்? ஜப்பானில் ரயில் அட்டவணை வழக்கமாக மார்ச்சில்தான் மாறும். பள்ளி ஆண்டு முடிவதும் அதே மாதம்.

இப்போது அந்தப் பாதையில் காமிகாவாவை விட்டால் அடுத்த நிலையம் ஷிரடாகி. இடையே 37.3 கிலோமீட்டர்!

அப்போ உண்மையான காரணம்?

ஆள் இல்லை. இளையர்கள் நகரங்களுக்குப் போயிட்டாங்க. ஊரில் இருப்பவர்களில் பலர் கார் ஓட்டுகிறார்கள். காமி-ஷிரடாகியில் கடைசிக் காலத்தில் ஒவ்வொரு திசையிலும் நாளுக்கு ஒரே ரயில்தான் நின்றது.

1987இல் ஜப்பானின் தேசிய ரயில்வே வட்டார வாரியாகப் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. தோக்கியோ போன்ற பெருநகரங்களின் வருமானம் ஹொக்கைடோவுக்குக் கிடைக்கவில்லை. 2016 நவம்பரில் ஜேஆர் ஹொக்கைடோ நிறுவனம் கையை விரித்தது. தன் பாதைகளில் ஏறக்குறைய பாதியை, அதாவது சுமார் 1,237 கிலோமீட்டரை, தனியாகப் பராமரிக்க முடியாது என்றது. செகிஹொக்குப் பாதை முழுவதும் அதில் அடங்கும்.

காப்பாற்ற வழியே இல்லையா?

இருக்கு. ஆனால் செலவும் இருக்கு.

ஃபுக்குஷிமாவின் தடாமி ரயில் பாதை 2011இல் கனமழையால் சேதமடைந்தது. 11 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 அக்டோபரில், அது மீண்டும் முழுமையாகத் திறந்தது. எப்படி? சேதமடைந்த பகுதியின் தண்டவாளங்களை வட்டார அரசு ஏற்றுக்கொண்டது. ரயிலை ஓட்டுவது மட்டும் ஜேஆர் ஈஸ்ட் நிறுவனம். பராமரிப்புக்குப் போவது மக்களின் வரிப்பணம்.

ரயிலுக்குப் பதில் பேருந்து விட்டால் செலவு குறையும். ஆனால் பனி கொட்டும் காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும், கார் ஓட்ட முடியாத முதியவருக்கும் ரயில்தான் நம்பிக்கை. அவர்கள் சிலர்தான். அந்தச் சிலருக்காகச் செலவை யார் ஏற்பது?

அந்தக் கதை அடுத்த முறை உங்கள் கைப்பேசிக்கு வந்தால், ஷேர் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியையும் யோசிச்சுப் பாருங்க. ஜப்பான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறது.