அட்டையா பதில் சொல்லும்?

என் பேரன் பைத்தான் என்ற கணினி மொழி படிக்கிறான். மேசைக்கு எதிரே சுவரில் ஒரு பக்கக் குறிப்பு அட்டை. அதில் 'ரவுண்ட்: எண்ணை முழு எண்ணாக்கும்' என்று ஒரே வரி.

"இது போதும் தாத்தா, பெரிய கையேட்டை யார் படிப்பது?" என்றான்.

நான் அரசாங்கக் கணக்கு எழுதியே தலை நரைத்தவன். "2.5 கொடு பார்க்கலாம்" என்றேன். 2 என்று வந்தது! 3.5 கொடுத்தால் 4. எங்கள் கணக்கில் 50 பைசா வந்தாலே அடுத்த ரூபாய்தான்.

பைத்தான் மேல் குற்றமில்லை. சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும் என்று அதன் லைப்ரரி கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. எப்போதும் மேலே ஏற்றினால் கூட்டுத்தொகை வீங்கிவிடும் அல்லவா? நம் வழக்கப்படி வேண்டுமானால் 'டெசிமல்' என்ற தொகுப்பில் அதற்கும் வழி உண்டு. அட்டை எழுதியவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

நான் பிரெஞ்சில் படித்தவன். இப்படிப்பட்ட குறிப்புக்கு அங்கே 'ஏத் மெமுவார்' என்று பெயர், நினைவுக்கு உதவி. ஒரு முறையாவது படித்தவனுக்குத்தான் நினைவு. படிக்காதவனுக்கு எதை நினைவூட்டுவது?

அட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் நினைப்பதற்கு மாறாக எங்கே நடக்குமோ, அந்த ஒரு வரியை விட்டுவிட்டு அட்டை போடாதீர்கள் என்கிறேன். பென்ஷனில் ஒரு ரூபாய் குறைந்தால் கிழவன் கவுண்டரில் வந்து நிற்பான். அப்போது அட்டையா பதில் சொல்லும்?