நம்பிக்கை போதவில்லையாம்

சென்ற ஆண்டு ஒரு சாவு வீட்டில் இருந்தேன். 22 வயதுப் பையன். மோட்டார் விபத்தில் அடிபட்டு 11 நாள் ஐ.சி.யூ.வில் கிடந்து போய்விட்டான். அந்த 11 நாளும் அவனுடைய அம்மா ஒருவேளை சாப்பாட்டோடு முருகனை வேண்டிக்கொண்டே இருந்தார். துக்கம் விசாரிக்க வந்த பெரியவர் ஒருவர் அவரிடம், "எங்க அண்ணன் மவனும் இப்படித்தான்மா கெடந்தான். முழு நம்பிக்கையோட வேண்டுனோம், பொழச்சிக்கிட்டான்" என்றார். வாக்கியத்தின் மறுபாதியை அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

என் சண்டை அந்த மறுபாதியோடுதான். கடவுள் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. அவர் கேட்கிறார் என்று நம்புகிறவர்களின் வரிசையில், கொஞ்சம் பின்னால், நானும் நிற்கிறேன். 'கேட்டால் கொடுப்பார், கொடுக்கவில்லையா, நீ சரியாகக் கேட்கவில்லை' என்கிற பற்றுவரவுக் கணக்கைத்தான் பொறுக்க முடியவில்லை. கோயிலிலும் இருக்கிறார்கள், சர்ச்சிலும் இருக்கிறார்கள், இந்தக் கிராணிகள்.

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். "புள்ள வரம் கேட்டேன், குடுத்தான்." "மகளுக்கு எஸ்.பி.எம்.ல நல்ல ரிசல்ட்." பொய்யில்லை. அந்த நன்றியை நான் மதிக்கிறேன். ஆனால் கேட்டுக் கிடைக்காதவர் எந்த நேர்த்திக்கடனைச் செலுத்த வருவார்? பால்குடங்களை மட்டும் எண்ணிவிட்டுத் தீர்ப்பு எழுதினால் எப்படி?

1942-43இல் ஜப்பானியர்கள் சயாம் - பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். (ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை வாசிக்காதவர்கள் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு அதை எடுங்கள்.) அவர்கள் எல்லாரும் மாரியம்மனையும் முனியாண்டியையும் கும்பிட்டு வளர்ந்தவர்கள். அந்தக் காட்டில் வேண்டாமலா இருந்திருப்பார்கள்? திரும்பி வந்தவர் "ஆத்தாதான் காப்பாத்துனா" என்றால் வாய் பேசாமல் கேட்டுக்கொள்வேன். அதையே சாட்சியாக்கி, அங்கே மண்ணானவர்களுக்கு பக்தி கம்மி என்று யாராவது சொன்னால் என்னிடமிருந்து நல்ல வார்த்தை வராது.

இத்தனைக்கும் நம் மரபு இப்படி அடங்கிப் போகச் சொல்லவே இல்லை. சுந்தரரைப் பாருங்கள். சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறி, இரண்டு கண்ணும் போய்விட்டது. தப்பு அவருடையதுதான். ஆனாலும் சும்மா இருந்தாரா? வழியெல்லாம் சிவனோடு மல்லுக்கு நிற்கிறார். திருவெண்பாக்கத்தில் கண் கேட்டவருக்கு ஊன்றுகோல் கிடைக்கிறது. பெரியபுராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கேட்டது ஒன்று, கிடைத்தது தடவி நடக்க ஒரு கோல். பிறகு காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். அதுவும் தவணையில்! திட்டித் திட்டிப் பாடிய அந்தப் பாட்டெல்லாம் இன்றும் தேவாரத்தில்தான் இருக்கிறது. உனக்கு நம்பிக்கை போதவில்லை என்று யாரும் அதை வெட்டி எறியவில்லை.

எழுதுகிற தம்பி தங்கைகளிடமும் ஒரு புகார் உண்டு. நம் சிறுகதைகளில் பாட்டி விளக்கேற்றினால் கடைசிப் பத்தியில் பேரனுக்குக் காய்ச்சல் விடுகிறது. இல்லையென்றால் பல்கலைக்கழகம் போய்வந்த பேரன் பாட்டியைப் பார்த்து நக்கலாகச் சிரிக்கிறான். இரண்டுமே சோம்பேறித்தனம். காய்ச்சல் விடாமல் போன மறுநாள் காலையில் அதே பாட்டி மறுபடி திரி திரிக்கிறாளே, அந்தக் கையைப் பற்றி எழுத ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

அந்த அம்மாவைப் போன மாதம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை விளக்கை அவர் நிறுத்தவில்லை. ஏற்றிவிட்டு, படத்துக்கு முன்னால் உட்கார்ந்து முருகனை வாய்விட்டே திட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லையாம்.