பாதியில் நின்ற பரம்பரை

பரம்பரை தேடுகிறார்கள் அமெரிக்கர். எல்லைப்புறக் காட்டை அழித்துக் குடியேறிய முன்னோர் ஒருவர் கிடைத்துவிட்டால் போதும். குலவரிசை தீட்டப்படுகிறது, கண்ணாடிச் சட்டத்திலே சுவரேறுகிறது! டேனியல் பூன் வழிவந்தோம் என்று சொல்வதிலே ஒரு களிப்பு, ஒரு செருக்கு. அந்தச் செருக்கைச் சற்றே உரசிப் பார்க்க விரும்புகிறோம்.

யார் இந்தப் பூன்? 1775-இல் கென்டக்கிக்கு வழி வெட்டியவர் என்று ஏடுகள் ஏத்தும் வீரர். அவர் பிறந்தது கோமான் குலத்திலன்று. பாட்டன் ஜார்ஜ் பூன், இங்கிலாந்தின் டெவன் பகுதி நெசவாளர். 1717-இல் பிலடெல்பியா வந்திறங்கினார். தந்தையோ தறியையும் உலைக்களத்தையும் நம்பி வாழ்ந்தவர். உழைப்பாளர் மரபு! இதிலே இழிவில்லை, போற்றுகிறோம்.

ஆனால் உழைப்பாளியைப் பாட்டனாகக் கொள்ள நாணியவர்களும் அந்நாட்டிலே இருந்தனர். அத்தகைய செல்வர்க்குக் கள்ளக் குலவரிசை எழுதிக் காசு குவித்தான் குஸ்தாவ் அன்ஜூ என்பவன். 1942-இல் அவன் மாண்டான். அவன் படைத்த பாட்டன்மார் இன்னும் மாளவில்லை!

பொய் ஒருபுறம் கிடக்கட்டும். மெய்யென்று ஒப்பிய வரலாற்றையே பார்ப்போம். 1778-இல் ஷானி மக்களிடம் பூன் சிறைப்பட்டார். அவர்தம் தலைவர் பிளாக்ஃபிஷ், பகைவனைத் தம் மகனாகவே ஏற்றார். பெரிய ஆமை என்று பொருள்படும் பெயரும் சூட்டினார். சில திங்களில் பூன் தப்பி ஓடிவிட்டார். அந்தத் தந்தைக்குக் குலமரத்திலே எந்தக் கிளை? 1787-ஆம் ஆண்டு வரிப்பதிவு, பூனிடம் ஏழு அடிமைகள் இருந்ததாகக் கூறுகிறது. அந்த எழுவருக்கு எந்த இலை? பூன்ஸ்பரோ கோட்டைக்கு வெடிமருந்து செய்து தந்தவர் மங்க் எஸ்டில் என்னும் கறுப்பு அடிமை. மருந்து அவருடையது, கோட்டையின் பெயரோ பூனுடையது!

தோழர்களே, இது தற்செயலான மறதியன்று. ஏடு எழுதியவன் உடைமைக்காரனுக்காக எழுதினான். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் மக்கள் கணக்கிலே அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. அதிலே ஆண்டையின் பெயர் உண்டு; அடிமைக்கு வயதும் பாலும் நிறமும் உண்டு; பெயர் மட்டும் பெரும்பாலும் இல்லை. விடுதலைக்குப் பின், 1870-ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் அம்மக்கள் அனைவரும் பெயரோடு பதியப்பட்டனர். இன்று தம் பாட்டியைத் தேடும் கறுப்பர், அந்த ஆண்டிலே வந்து சுவரில் முட்டி நிற்கிறார்.

அந்தச் சுவரிலே ஒரு கதவு உண்டு. ஆண்டையின் உயில், இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், விற்பனைச் சீட்டு ஆகியவற்றில் அடிமையின் பெயர் எழுதப்பட்டது. மாட்டுக்கும் கலப்பைக்கும் நடுவே, விலையோடு! விற்கும்போது மட்டும் பெயர் தேவைப்பட்டது போலும். அவற்றுள் எத்தனையோ ஏடுகள், குடியேறிகளின் வழித்தோன்றல்கள் வீட்டுப் பெட்டிகளிலே உறங்குகின்றன.

"பாட்டன் செய்ததற்கு நாங்களா பொறுப்பு?" என்று அவர்கள் கேட்கக்கூடும். பழியில் பங்கில்லை என்றால் புகழில் மட்டும் பங்கு எங்கிருந்து வந்தது? ஒன்று, இரண்டையும் ஏற்க வேண்டும். அன்றேல் இரண்டையும் விட வேண்டும். வீரத்தை மட்டும் பிள்ளைக்கு வைத்துவிட்டுக் கொடுமையைக் கல்லறைக்குள் போட்டுப் பூட்டும் மரபுரிமை எந்த அறிவிலே விளைந்தது?

பாட்டன் செயலுக்கு அவர்கள் பொறுப்பில்லை என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் பெட்டியின் சாவி இன்று அவர்கள் கையில் இருக்கிறது. அதற்குப் பாட்டன் பொறுப்பில்லை!

பரம்பரை தேடுவது தவறு என்றோமில்லை. பாதியிலே நிறுத்துவதே தவறு. உயில்களைத் திறவுங்கள், பட்டியல்களைப் பொது நூலகத்தில் வையுங்கள். உங்கள் பாட்டன் பெயருக்குக் கீழே விலையோடு எழுதப்பட்டவளின் பெயருக்காக, அவள் பேரன் காத்திருக்கிறான்.