நாலு விரல் இடது



போன மாதம் அம்பூரியிலிருந்து ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. இன்லண்டைப் பார்த்தாலே எனக்கு ஒரு குஷி. மற்ற தபால்களைத் தள்ளி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் பிரிப்பேன். உள்ளே நலம் விசாரிப்பு இரண்டு வரி, நமது பத்திரிகையில் எழுத்துப்பிழை கூடிவிட்டது என்று ஒரு வரி, பிறகு கேள்வி: "என் முதல் தோக்கை வித்துட்டு வேற ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். செய்யலாமா?"

ஜாதகப் பொருத்தம் கேட்டு எழுதியிருக்கிறார்கள், பாகப்பிரிவினை வழக்குக்கு யோசனை கேட்டிருக்கிறார்கள். துப்பாக்கி பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் இவர்தான். நான் திருவிழாக் கடையில் பலூன் சுட்டதோடு சரி. அதிலும் பலூன் தப்பித்துவிட்டது. கடிதத்தில் பதில் எழுத வராததால் வெள்ளறடை வழியாக பஸ் ஏறி நேரிலேயே போய்விட்டேன்.

அம்பூரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரப்பரும் மரச்சீனியும் வாழையுமாகச் சரிவுகள், அவற்றின் மேலும் கீழுமாக வீடுகள், முதுகுக்குப் பின்னால் நெய்யாறு சரணாலயத்துக் காடு. கிழக்கே கொஞ்சம் நடந்தால் பத்துகாணி, அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு அந்தப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் தங்கிவிட்டது. அந்தக் கோடு நமக்குத்தான். காட்டுப்பன்றி இங்கே மரச்சீனியைக் கிளறிவிட்டு அங்கே போய் வாழையைச் சாய்க்கும்.

மாமாவுக்கு (அப்படித்தான் கூப்பிட்டேன்) அடுத்த வருடம் எழுபது. கட்டன் சாயா கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பழைய வேட்டியில் சுற்றியிருந்ததை எடுத்து வந்தார். இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ரைபிள். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஓர் எஸ்டேட்காரரிடம் பழசாக வாங்கியது. கன்னம் பதியும் இடத்தில் மரம் கறுத்து, எண்ணெய் தேய்த்த கதவுபோல் மினுங்குகிறது. போல்ட்டின் குமிழில் கறுப்புப் பூச்சே இல்லை, வெள்ளை இரும்பு தெரிகிறது. தோள்வாரின் ஒரு முனை அறுந்து, அங்கே ரப்பர் ட்யூபை வெட்டிக் கட்டியிருக்கிறார்.

இந்த .315-க்கு ஒரு கதை உண்டு. ராணுவத்தின் .303 தோட்டா பொதுஜனம் கையில் போகக்கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டுப்பாடு. இன்றும் அது தடைசெய்யப்பட்ட ரகம்தான். அதனால் ராணுவத் துப்பாக்கியின் அதே இயக்கத்தை வைத்து, 8 மில்லிமீட்டர் தோட்டா மட்டும் போகிற மாதிரி குழலை மாற்றிச் சனங்களுக்கு ஒன்று செய்தார்கள். விவசாயிக்கும் தோட்டக்காரருக்கும் கிடைத்தது அதுதான்.

"இதுக்க கொணம் தெரியுமா மக்களே? நூறு அடிக்கு நாலு விரல் எடது பக்கம் தள்ளிப் போவும். வாங்கின அன்னைக்கே அப்படித்தான்."

"சரிசெய்யக் கொடுக்கலையா?"

"எதுக்கு? நான் நாலு விரல் வலத்தே பிடிச்சிருவேன்."

பிறகு ஏன் விற்க வேண்டும் என்றால், காரணம் நியாயமானது. 2022-ல் கேரள அரசு, ஊருக்குள் வந்து நாசம் செய்யும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. லைசென்ஸ் உள்ளவர்களைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லலாம். சுட்டதைப் புதைத்துவிட வேண்டும், சட்டிக்குப் போகக்கூடாது. (எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு கணக்கு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்த பன்றியைத்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது.) ஆனால் ரைபிளின் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும். சரிவில் நின்று இரவில் சுட்டால், தவறிய குண்டு யார் வீட்டு அடுக்களைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ரப்பர் மூட்டில் பத்திருபது அடியில் வந்து நிற்கிற பன்றிக்கு 12 போர் இரட்டைக்குழல்தான் சரி. மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷனும் ஆகிவிட்டது. ரைபிளை விற்ற பணத்தில் இரட்டைக்குழல் ஒன்று எடுத்து, கட்டையைத் தன் தோளுக்குத் தக்கபடி செதுக்கி வைத்துக்கொள்ள ஆசை.

வெளிநாடுகள் சிலவற்றில் குழல் ஓரிடம், கட்டை ஓரிடம் என்று வாங்கித் தாங்களே கோத்துக்கொள்கிறார்கள். இங்கே லைசென்ஸ் இல்லாமல் ஒரு துப்பாக்கி செய்தால் குறைந்தது ஏழு வருடம் உள்ளே. கட்டையை மாற்றுவதற்கும் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரரிடம்தான் போக வேண்டும். விற்பதும் லேசில்லை. வாங்குகிறவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். அவர் பெயரும் விலாசமும் எழுதி கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். அதன்பின் உங்கள் லைசென்ஸ் புத்தகத்திலிருந்து அந்த நம்பரை அடித்துவிடுவார்கள். மறுநாள் மனசு கேட்கவில்லை என்றால் வாங்கினவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான், மறுபடியும் 45 நாள்.

மாமாவின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் நெய்யாற்றின்கரை தாலுகா என்று இருக்கிறது. 2014-ல் காட்டாக்கடை தாலுகா வந்தபிறகு அம்பூரி அதற்குள் போய்விட்டது. ஆள் அதே திண்ணையில்தான் இருக்கிறார்.

மாமாவிடம் குடகைப் பற்றிச் சொன்னேன். அங்கே துப்பாக்கிக்குப் பூ வைப்பார்கள். கைல்போதுப் பண்டிகையன்று ஆயுதங்களைத் துடைத்துப் பூஜையில் வைத்து, குழலில் நம்முடைய செங்காந்தள் பூவைச் செருகுவார்கள். அந்தப் பூவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தோக் பூ'. நம் பக்கத்துத் தோக்கேதான். இதைச் சொன்னதும் மாமா வேலியைக் காட்டினார். காந்தள்கொடி கிளுவை மரத்தில் ஏறியிருந்தது. "அது வெசம்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மாமாவின் நாலு விரல் கணக்கை நினைத்தபோது எனக்கு அபினவ் பிந்த்ரா ஞாபகம் வந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக், 10 மீட்டர் ஏர் ரைபிள். இறுதிச்சுற்றுக்கு முன்னால் பழக்கத்துக்குச் சுட்ட முதல் குண்டு 4-ல் போய் விழுந்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பத்துக்குப் பக்கத்தில் விழாவிட்டால் வருத்தப்படுகிற ஆளுக்கு நாலு! குறிமுள் எப்படியோ நகர்ந்திருக்கிறது. திருகிச் சரிசெய்துகொண்டு தங்கம் ஜெயித்தார். அந்த நிமிஷத்தில் 'கை நடுங்கிவிட்டது' என்று தன்னைச் சந்தேகப்படாமல் 'துப்பாக்கிதான் மாறியிருக்கிறது' என்று தெரிந்துகொள்ள, அதனோடு எத்தனை ஆயிரம் மணிநேரம் இருந்திருக்க வேண்டும்! புதிது வாங்கினால் அந்த நாலு விரல் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எழுபதில் தொடங்கலாமா என்பதுதான் மாமாவின் கேள்வி என்று எனக்குப் பட்டது.

இதில் நான் பாடம் சொல்லத் தகுதியில்லாதவன். நம் பத்திரிகை தொடங்கியது ஒரு டிரெடில் மிஷினில் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அதில் எங்கள் 'ழ'வுக்குக் கால் ஒடிந்திருக்கும். 'தமிழ்' என்று அடித்தால் கடைசி எழுத்து நொண்டும். கம்ப்யூட்டர் வாங்கக் காசு தேவைப்பட்டபோது மிஷினைப் பழைய இரும்புக்கும், அச்செழுத்தை ஈயமாகக் கிலோ கணக்கிலும் போட்டேன். ஈயத்தை வாங்கிப் போனவர் பொழியூர்க்காரர், வலைக்கு மணி வார்க்க. கம்ப்யூட்டர் வந்தது, அழகாக அச்சும் வந்தது. அது மூன்று வருடத்தில் பழசாகி, அடுத்தது வந்து, அதுவும் போய்விட்டது. முதலில் வாங்கியது என்ன கம்பெனி என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. 'ழ'வின் ஒடிந்த காலை மட்டும் இப்போதும் வரைந்து காட்டுவேன். ஒரு எழுத்தையாவது எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருக்கலாம்.

அதனால் என் பதில் ஒருதலைப்பட்சமானது: விற்க வேண்டாம் மாமா. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய மூன்று துப்பாக்கியை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்று வைத்திருந்தவர்கள் எதை விடுவது என்று ஒரு வருடத்துக்குள் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த இக்கட்டு இல்லை, உங்களிடம் இருப்பது ஒன்றுதான். இரட்டைக்குழலுக்கு அனுமதி கேட்டு எழுதிப்போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் 2016 ஆயுத விதிகளில் ஒரு வழி இருக்கிறது. லைசென்ஸ்காரருக்கு எழுபது வயதானாலோ, ஒரு துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, இரண்டில் எது முந்துகிறதோ அப்போதிலிருந்து, அவர் சொல்கிற வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். உங்களுக்கு 25 எப்போதோ தாண்டிவிட்டது.

"யாருக்குக் குடுக்க? பயல் துபாயில." கொஞ்சநேரம் சாயா கிளாஸைத் திருப்பிக்கொண்டிருந்தார். "மோளுக்குத் தெரியும், நாலு விரல்."

பணத்துக்கு என்ன வழி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் யோசனையில் ஓட்டை அதுதான். விற்க வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காசு செலவில்லை. இரட்டைக்குழலின் விலை என் பையிலிருந்தா போகிறது?

இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டார்களாம். வழக்கம்போல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வந்திருக்கிறார். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை விற்கிற பேச்சும் இல்லை, வாங்குகிற பேச்சும் இல்லை. முந்தின ராத்திரி பன்றி வந்து நாற்பது மூடு மரச்சீனியைப் பிடுங்கிப் போட்டிருக்கிறது. தோக்கு தொங்கின ஆணியில் இப்போது குடையை மாட்டியிருக்கிறாராம்.

அன்புடன்,
ஆசிரியர்